விமானி பயிற்சிப் பள்ளியில் பாதுகாப்புப் பண்பாடு: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

பயிற்சிப் பள்ளியில் பாதுகாப்பு மேலாளராகப் பொறுப்பேற்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே அறிக்கைப் பெட்டி மாட்டுவார்கள், சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள், எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் ஒரு சீட்டும் இருக்காது. மாணவர்களுக்கு அக்கறை இல்லை என்று அப்போது முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னவருக்கு என்ன நடக்கும் என்பது தெரியாதவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதை முதலில் எழுத்தில் தீர்த்துவிட்டு, பயிற்றுநர்களைத் தயார் செய்து, அதன் பிறகே படிவத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. ஒற்றை எஞ்சின் விமானங்களை வைத்து நடக்கும் சிறிய, நடுத்தரப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை, பணத்தின் மீதும் ஆட்களின் மீதும் அதிகாரம் உள்ள ஒருவரின் கையெழுத்து. ஐகாவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) 19ஆம் இணைப்பு பாதுகாப்பு மேலாண்மைக்கான இறுதிப் பொறுப்பை அப்படிப்பட்ட ஒரு நிர்வாகியிடம்தான் வைக்கிறது. அவர் கையெழுத்திடாத கொள்கையை, வருமானம் குறையும் முதல் மழை வாரத்திலேயே யாராவது ஒதுக்கிவைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு மேலாளர் யாரிடம் பதில் சொல்கிறார் என்பது. சிறிய பள்ளியில் அவரே பகுதி நேரப் பயிற்றுநராக இருக்கலாம், தவறில்லை. ஆனால் தலைமைப் பயிற்றுநரே பாதுகாப்பு மேலாளராக இருக்கக் கூடாது; அவருக்குக் கீழேயும் இருக்கக் கூடாது. பள்ளியில் வரும் அறிக்கைகளில் பாதி தலைமைப் பயிற்றுநர் போட்ட அட்டவணை, அவர் வைத்த நடைமுறை, அவர் கொடுத்த சோலோ (மாணவர் தனியாகப் பறக்கும்) அனுமதி ஆகியவற்றைத் தொடும். தன் முடிவைத் தானே விசாரிக்கும் நிலையில் எவரையும் வைக்காதீர்கள்.

மூன்றாவது, கடந்த 12 மாதப் பதிவுகள்: டெக் லாக் (விமானத்தின் கோளாறுகளை எழுதும் பதிவேடு), எரிபொருள் பதிவு, ரத்தான பயிற்சிகளின் பட்டியல், விமானம் வாரியான பறப்பு நேரம். ஒரே விமானத்தில் ஒரே கோளாறு எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அறிக்கைகள் வரத் தொடங்கும் முன்பே உங்கள் முதல் பத்து ஆபத்துகள் இந்தப் பதிவுகளில் கிடைத்துவிடும்.

2. முதலில் எழுத வேண்டியது: சொன்னவருக்கு என்ன நடக்கும்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நடத்தையை மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் பள்ளியிலேயே நடக்கக்கூடிய உதாரணம் கொடுங்கள்.

கைதவறு: ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்பு) ஏற்ற மறந்தார், அலைவரிசையை மாற்றி அழுத்தினார். இதற்குத் தண்டனை கிடையாது. அந்தத் தவறு எளிதாக நடக்க எது இடம் கொடுத்தது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

பழகிப்போன குறுக்குவழி: எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று டேங்கில் குச்சி விட்டு எரிபொருளை அளக்காமல் போனார். இதற்குப் பேச்சும் பயிற்சியும். கூடவே, அந்தக் குறுக்குவழி ஏன் வசதியாக இருக்கிறது என்பதையும் தேடுங்கள். அளவுக் குச்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடந்தால் யாரும் அளக்க மாட்டார்கள்.

தெரிந்தே செய்த அடாவடி: நண்பர் வீட்டு மேல் தாழப் பறந்தார், மது அருந்திவிட்டு வந்தார், பதிவைத் திருத்தினார். இதற்கு மட்டும் ஒழுங்கு நடவடிக்கை. இந்த வரி இல்லாத கொள்கையை நேர்மையான பயிற்றுநர்கள் மதிக்க மாட்டார்கள்.

எது எந்த வகை என்று தனி ஒருவர் முடிவு செய்யக் கூடாது. மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இதே அனுபவமும் இதே பயிற்சியும் உள்ள வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதையே செய்திருப்பாரா? ஆம் என்றால், நீங்கள் திருத்த வேண்டியது அந்த ஆளை அல்ல, அந்த அமைப்பை.

பலரும் விட்டுவிடுவது பண விஷயம். மாணவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்ததில் டயர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டயரின் விலையை அவர் தலையில் கட்டினால், அடுத்த மாணவர் தேய்ந்த பக்கம் தரையில் படும்படி விமானத்தை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அதற்கடுத்தவர் அந்த டயரோடு எழும்புவார். தானே முன்வந்து சொன்ன சேதத்துக்குக் கட்டணம் இல்லை என்று கொள்கையில் எழுதுங்கள். உரிமையாளர்கள் முகம் சுளிப்பது இந்த வரியில்தான். ஒரு டயரின் விலையையும், தெரியாமல் போன ஒரு கடினமான தரையிறக்கத்தில் வளைந்த ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர்) செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று: பாதுகாப்பு அறிக்கை மாணவரின் பயிற்சிப் பதிவேட்டில் ஏறக் கூடாது. ஏறினால், தேர்வுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதோடு அது கலந்துவிடும்.

3. பயிற்றுநர்களை மாணவர்களுக்கு முன்பே தயார் செய்யுங்கள்

மாணவர் கையேட்டில் படித்ததைச் செய்வதில்லை. வலது இருக்கையில் இருப்பவர் செய்வதைத்தான் செய்வார். பயிற்றுநர் செக்லிஸ்ட்டை மனப்பாடமாக முணுமுணுத்துவிட்டு நகர்ந்தால், சோலோவில் மாணவரும் அதையே செய்வார், பாதிதான் நினைவில் இருக்கும்.

எல்லாப் பயிற்றுநர்களும் ஒரே மாதிரி செய்ய வேண்டிய நான்கை மட்டும் முதலில் பிடியுங்கள். அதிகம் சேர்த்தால் எதுவும் நிற்காது.

அ. கன்ட்ரோல் கைமாறுவது மூன்று சொல்லில்: ஒருவர் ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’ என்கிறார், மற்றவர் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்கிறார், முதலாமவர் மறுபடி ‘யூ ஹேவ் கன்ட்ரோல்’ என்று உறுதி செய்துவிட்டுக் கையை எடுக்கிறார். இரண்டோடு நிறுத்தினால், இருவரும் பிடித்திருப்பதாகவோ இருவரும் விட்டுவிட்டதாகவோ நினைக்கும் நொடி ஒன்று வரும். அது பெரும்பாலும் தரைக்குச் சில அடி மேலேதான் வரும்.

ஆ. நிலையான இறங்குமுகம்: 500 அடியில் வேகம், மையக்கோடு, ஃபிளாப், இறங்கும் வீதம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது. சிறிய சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றிவரும் பறப்புப் பாதை) உள்ள பள்ளி 300 அடி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே எண் என்பதுதான் இங்கே முக்கியம். பயிற்றுநருக்குப் பயிற்றுநர் எண் மாறினால் அந்த எண்ணே பேரம் ஆகிவிடும்.

இ. ‘கோ அரவுண்ட்’ என்று காக்பிட்டில் யார் சொன்னாலும் அது நடக்கும். ஏன் என்ற கேள்வி சர்க்யூட் உயரத்துக்கு ஏறிய பிறகுதான். மாணவர் தேவையில்லாமல் சொல்லியிருந்தாலும் ‘நல்ல முடிவு’ என்பதே முதல் பதிலாக இருக்கட்டும்.

ஈ. எஞ்சின் செயலிழப்பை த்ராட்டிலைக் குறைத்துத்தான் பாவனை செய்ய வேண்டும். எரிபொருள் செலக்டரையோ (டேங்க் வால்வு) மிக்ஸ்சரையோ (எரிபொருள்-காற்றுக் கலவைப் பிடி) மூடிப் பாவனை செய்தால், நிஜமாகவே எஞ்சின் திரும்பி வராமல் போகலாம். கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் முதலில் கார்புரேட்டர் ஹீட்டை (பனி உறையாமல் சூடான காற்றை விடும் பிடி) இழுத்துவிட வேண்டும். நீண்ட சறுக்கலில் அவ்வப்போது த்ராட்டிலைத் திறந்து எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாவனையைக் கைவிட்டு மேலேறும் உயரத்தைத் தரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். தரைமட்டத்துக்கு மேல் 500 அடி பொருத்தமான எண். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) பயிற்சியில் மீட்பு 1,500 அடிக்கு மேலேயே முடிய வேண்டும். புதிய பயிற்றுநருக்கு இன்னும் உயரம் கொடுங்கள்.

பயிற்றுநருக்குப் பறந்த மணிக்குத்தான் சம்பளம் என்றால், வானிலை பார்த்து ரத்து செய்யும் ஒவ்வொரு முறையும் அவர் தன் வருமானத்தை வெட்டிக்கொள்கிறார். வானிலைக்கோ கோளாறுக்கோ ரத்தான பயிற்சிக்கு ஒரு பகுதியாவது ஊதியம் கொடுங்கள். அந்த நேரத்தில் தரை வகுப்பு எடுக்கச் சொல்லலாம். இதைச் செய்யாமல் ‘சந்தேகம் வந்தால் பறக்காதே’ என்று போஸ்டர் ஒட்டிப் பயனில்லை.

களைப்புக்கும் ஓர் எல்லை வேண்டும். அமெரிக்க விதி 24 மணி நேரத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்றுவிக்கக் கூடாது என்கிறது. அது சட்டத்தின் உச்ச வரம்பு. வெயிலில் தொடர்ந்து சர்க்யூட் சுற்றும் பயிற்றுநரின் எதிர்வினை அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடும். இரண்டு மாணவர்களுக்கு இடையில் அரை மணி இடைவெளியை அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் பறப்புக்குப் பிந்தைய உரையாடல்தான் முதலில் பலியாகும்.

4. இப்போது அறிக்கைப் படிவம்

மூன்று நிமிடத்தில் நிரப்ப முடிய வேண்டும். தேதி, நேரம், விமானம், பறப்பின் எந்தக் கட்டம், என்ன நடந்தது, என்ன ஆகியிருக்கலாம், இதைத் தடுக்க என்ன செய்யலாம்: ஏழு பெட்டி போதும். பெயர் எழுதுவது விருப்பம். கைபேசியிலும் இருக்கட்டும், டிஸ்பேட்ச் மேசையில் (பறப்புக்கு விமானத்தை ஒப்படைக்கும் இடம்) காகிதத்திலும் இருக்கட்டும். கைபேசி மட்டும் என்றால் மெக்கானிக்குகளிடமிருந்தும் தரைப் பணியாளர்களிடமிருந்தும் ஒன்றும் வராது. ஏப்ரனில் (விமானங்கள் நிறுத்தப்படும் தளம்) நடப்பதை அதிகம் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

எதை எழுதலாம் என்று படிவத்தின் பின்பக்கம் உதாரணம் கொடுங்கள்: கடினமான தரையிறக்கம், அனுமதியின்றி ஓடுபாதைக் கோட்டைத் தாண்டியது, திட்டமிட்டதைவிடக் குறைந்த எரிபொருளோடு வந்தது, பயிற்சிப் பகுதியில் இன்னொரு விமானம் நெருங்கியது, டோ பார் (விமானத்தைக் கையால் இழுக்கும் கம்பி) மாட்டியபடியே எஞ்சின் கிளப்பப் போனது, கன்ட்ரோல் லாக்கை (நிற்கும் விமானத்தின் கட்டுப்பாடுகள் அசையாமல் பூட்டுவது) எடுக்காமல் டாக்ஸி செய்தது, அதாவது தரையில் ஓட்டியது. ‘ஏதேனும் ஆபத்து’ என்று மொத்தமாகக் கேட்டால், விபத்து நடந்தால்தான் எழுத வேண்டும்போல என்று புதியவர் நினைத்துக்கொள்வார்.

படிவத்தைவிட முக்கியம் பதில். 24 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்ற ஒரு வரி, 7 நாளில் என்ன செய்யப்போகிறோம் என்ற முடிவு, 30 நாளில் முடித்தாயிற்று அல்லது ஏன் முடியவில்லை என்ற விளக்கம். பெயர் போடாதவருக்கு அறிவிப்புப் பலகையில் எண் போட்டுப் பதில் எழுதுங்கள். பதில் வராத முதல் அறிக்கையே அந்த மாணவரின் கடைசி அறிக்கையாகிவிடும். அவர் நண்பர்களிடமும் சொல்லிவிடுவார்.

எழுதியது யார் என்று தேடாதீர்கள். பெயரில்லாமல் வந்த சீட்டின் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, நல்லெண்ணத்தோடு விசாரித்தாலும் கூட, பள்ளி முழுக்க அன்று மாலைக்குள் தெரிந்துவிடும். மேலும் விவரம் தேவை என்றால் பலகையில் கேளுங்கள்.

5. வந்த அறிக்கையை எடைபோடுவது

ஐகாவோவின் 9859 எண் கையேட்டில் உள்ள ஐந்துக்கு ஐந்து கட்டம் போதுமானது: ஒரு பக்கம் நடக்கும் வாய்ப்பு, 5 (அடிக்கடி) முதல் 1 வரை, மறுபக்கம் விளைவின் கடுமை, ஆங்கில எழுத்தில் ஏ (மிக மோசம்) முதல் ஈ (பொருட்படுத்தத் தேவையில்லை) வரை. புதியவர்கள் செய்யும் தவறு, உண்மையில் நடந்ததற்குக் கடுமை போடுவது. ஒன்றும் ஆகவில்லை, எனவே ஈ என்று எழுதிவிடுகிறார்கள். நடந்திருக்கக்கூடிய, நம்பத்தகுந்த மோசமான விளைவுக்குத்தான் எழுத்துப் போட வேண்டும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மாணவர் எழுதியிருக்கிறார்: ‘40 நிரப்பச் சொன்னேன். பறக்கும்முன் குச்சி விட்டபோது மிகக் குறைவாக இருந்தது.’ விமானத்தின் அளவீடு அமெரிக்க கேலனில் இருக்கிறது, எரிபொருள் வண்டியின் மீட்டர் லிட்டரில் ஓடுகிறது. சீட்டில் வெறும் ‘40’. ஒரு கேலன் 3.785 லிட்டர், ஆக 40 லிட்டர் என்பது 10.6 கேலன்தான். மணிக்கு 8.5 கேலன் குடிக்கும் விமானத்துக்கு அது ஒன்றே கால் மணி நேரத்துக்குக்கூட அரும்பொட்டு. பகல் நேரக் கண்பார்வைப் பறப்புக்கு வைக்க வேண்டிய 30 நிமிட இருப்பைக் கழித்தால் முக்கால் மணி மிஞ்சும். அவர் போகவிருந்தது மூன்று மணி நேரக் குறுக்குநாட்டுப் பறப்பு, அதாவது வேறு ஊருக்குப் போகும் பறப்பு.

இந்த அறிக்கைக்குக் கடுமை ஏ. வாய்ப்பு 3 அல்லது 4, ஏனென்றால் தினமும் எல்லோரும் இதே சீட்டைத்தான் எழுதுகிறார்கள்.

சாதாரணமாகச் செய்வது, ‘எல்லோரும் அலகைக் கவனியுங்கள்’ என்று ஒரு சுற்றறிக்கை. அது மிகவும் பலவீனமான தீர்வு, நினைவாற்றலை நம்பியிருக்கிறது. மேலிருந்து கீழாக யோசியுங்கள். ஆபத்தையே நீக்க முடியுமா? பள்ளி முழுக்க ஒரே அலகு என்று வைத்து, அளவுக் குச்சியையும் படிவத்தையும் லிட்டருக்கு மாற்றலாம். தடுப்பு வைக்க முடியுமா? டிஸ்பேட்ச் படிவத்தில் நிரப்பும் முன் இருந்தது, நிரப்பியது, குச்சியில் காட்டுவது என்று மூன்று பெட்டி வைத்து, முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதோடு பொருந்தினால்தான் சாவி என்று வைக்கலாம். சுற்றறிக்கை இவற்றுக்குத் துணையாக மட்டுமே வரட்டும்.

தீர்வு போட்ட பிறகு கட்டத்தில் மறுபடி எண் போடுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். மூன்று பெட்டியையும் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே யாராவது நிரப்பிக்கொண்டிருந்தால் ஆபத்து அப்படியே இருக்கிறது.

6. தினசரி டிஸ்பேட்ச்

பண்பாடு என்பது பள்ளியில் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் இந்த மேசை. மூன்று கேள்விகள்: ஆள் சரியா, விமானம் சரியா, வானிலை சரியா.

ஆளுக்கு ஐ-எம்-சேஃப் பட்டியல்: நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, மனநிலையும் சாப்பாடும். மதுவுக்குப் பல நாடுகள் 8 மணி நேர இடைவெளியும் சில நாடுகள் 12 மணி நேரமும் விதிக்கின்றன. பள்ளி கடுமையானதையே எடுத்துக்கொள்ளட்டும். மாணவர்கள் அதிகம் தவறுவது மருந்தில். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையை மருந்தாகவே அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ‘இன்று எதையாவது விழுங்கினீர்களா’ என்று கேட்டால் பதில் வரும். ‘உடம்பு சரியாக இருக்கிறதா’ என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள்.

சோலோவுக்கான வானிலை எல்லையை மாணவர் நிலை வாரியாக எழுதி ஒட்டுங்கள்: மொத்தக் காற்று, குறுக்குக் காற்று, திடீர்க் காற்று, பார்வைத் தூரம், மேக அடி. செஸ்னா 172இன் கையேட்டில் உள்ள 15 நாட் குறுக்குக் காற்று, சோதனையில் செய்துகாட்டப்பட்ட அளவு. முதல் சோலோவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். எல்லையைத் தாண்ட அனுமதிக்கும் அதிகாரம் யாருக்கும் வேண்டாம், தலைமைப் பயிற்றுநருக்கும் வேண்டாம். விதிவிலக்கு ஒருமுறை கொடுத்தால், அடுத்த வாரம் இன்னொரு மாணவர் அதைக் காட்டியே கேட்பார்.

விமானத்தைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் புதியவர்கள் தொடர்ந்து இடறுகிறார்கள். ஒன்று, எரிபொருள் மாதிரி. செஸ்னா 172எஸ் மாடலில் ஒவ்வொரு இறக்கையிலும் 5, எஞ்சின் பகுதியில் 3 என மொத்தம் 13 வடிகால்கள் உண்டு. நாலைந்தோடு நிறுத்திவிட்டு ‘பார்த்தாயிற்று’ என்கிறார்கள். தண்ணீர் அடியில் தங்கும். எந்த அடியில் என்பது விமானம் சாய்ந்து நிற்கும் பக்கத்தைப் பொறுத்தது. அதனால்தான் எல்லா வடிகாலும். 100எல்எல் என்ற விமான பெட்ரோல் நீலமாக இருக்க வேண்டும். குப்பி முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது, நிறம்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்று மேக்னெட்டோ, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் கருவி, இரண்டு இருக்கும். 172எஸ்-இல் 1,800 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு மேக்னெட்டோவாக மாற்றும்போது 150க்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேல் கூடாது. விழவே இல்லை என்றால் மாணவர் மகிழ்ந்துவிடுகிறார். அதுதான் மோசமான அறிகுறி. அணைக்க வேண்டிய மேக்னெட்டோ அணையவில்லை, அதன் தரைக் கம்பி (எர்த்) அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவியை எடுத்த பிறகும் புரொபெல்லரைக் கையால் தள்ளினால் எஞ்சின் கிளம்பலாம். டாக்ஸியைத் தொடராமல் திரும்பி வந்து டெக் லாக்கில் எழுத வேண்டும்.

கடைசியாகத் திரும்பும் நேரம். பலகையில் எழுதிய நேரத்தைத் தாண்டி 15 நிமிடத்தில் ரேடியோவில் கூப்பிடுவது, 30 நிமிடத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் தேடல் மீட்பு அமைப்புக்கும் தெரிவிப்பது என்று எழுதி, அந்த நேரத்தில் மேசையில் யார் இருப்பார் என்பதையும் பெயர் போட்டு வையுங்கள். மதிய உணவு நேரத்தில் மேசை காலியாக இருப்பது சாதாரணமாக நடக்கும் ஓட்டை.

7. ஸ்நாக் (விமானக் கோளாறு) எழுதும் பழக்கம்

வாய்வழிக் கோளாறு என்ற ஒன்றே இருக்கக் கூடாது. ‘இடது பிரேக் கொஞ்சம் இழுக்குது, பார்த்துக்கோங்க’ என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போவது உதவிபோலத் தெரியும். அடுத்துப் பறப்பவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது, ஒரே கோளாறு நான்கு முறை வந்ததும் யாருக்கும் தெரியாது.

நிறுத்தும் உரிமை எல்லோருக்கும். விடுவிக்கும் உரிமை உரிமம் பெற்ற பொறியாளருக்கு மட்டும். மாணவர் நிறுத்திய விமானம் சரியாகவே இருந்தாலும் ‘வீணாக நிறுத்திவிட்டாய்’ என்ற சொல் எழக் கூடாது. ‘தரையில் சோதித்தோம், சரியாக இருக்கிறது’ என்று ஒரே கோளாறுக்கு இரண்டு முறை கையெழுத்தாகியிருந்தால், மூன்றாவது முறை பாதுகாப்பு மேலாளரின் மேசைக்கு வர வேண்டும். வானில் அதிர்வோடும் வெப்பத்தோடும் மட்டும் வரும் கோளாறு ஹேங்கரில் தன்னைக் காட்டாது.

8. ஏப்ரன்

பறக்காமலேயே உயிர் போகும் இடம் இது. எஞ்சின் ஓடும்போது யாரும் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஓடும் புரொபெல்லர் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து விமானத்தின் சத்தத்தில் காதுக்கும் தெரியாது. நின்ற விமானத்தையும் இறக்கையின் பின்புறம் வழியாகவே அணுகப் பழக்குங்கள். சாவி டாஷ்போர்டின் மேல் வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி இருக்க வேண்டும். டோ பாரில் கை வைத்திருக்கும்வரைதான் அது விமானத்தில் இருக்கலாம். கையை எடுத்தால் அதையும் கழற்ற வேண்டும்.

9. எதை அளப்பது

‘இத்தனை நாள் விபத்தில்லை’ என்ற பலகையை எடுத்துவிடுங்கள். அந்த எண்ணை உடைக்க எவருக்கும் மனம் வராது, ஆகவே சொல்லாமல் விடுவார்கள். அதற்குப் பதில் மாதந்தோறும் நான்கைப் பாருங்கள்: 100 பறப்பு மணிக்கு எத்தனை அறிக்கை, அதில் பெயரோடு வந்தது எத்தனை, பயிற்றுநர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியது எத்தனை, 30 நாளில் முடிந்தது எத்தனை.

முதல் ஆண்டில் அறிக்கைகள் ஏறினால் நிர்வாகம் பதறும். ஏறுவது நல்ல அறிகுறி என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான்கில் மூன்றாவது எண்ணைத்தான் அதிகம் நம்பலாம். பயிற்றுநர் தன் தவறை எழுதி, அது பலகையில் ஒட்டப்பட்டு, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மாணவர்கள் பார்த்த வாரத்திலிருந்துதான் அவர்களுடைய அறிக்கைகள் வரும். பெயரில்லாத அறிக்கைகளின் பங்கு திடீரென்று கூடினால் யாரோ எங்கோ திட்டு வாங்கியிருக்கிறார், அதை விசாரியுங்கள்.

மாதக் கூட்டம் 45 நிமிடம் போதும். மாணவர் பிரதிநிதி ஒருவரும் மெக்கானிக் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

10. விபத்து நடந்தால் முதல் மணி நேரம்

இதற்கான ஒற்றைத் தாள் டிஸ்பேட்ச் மேசையின் மேல் இருக்கட்டும், கோப்புக்குள் வேண்டாம். வரிசை: மீட்பு அழைப்பு, வானில் இருக்கும் மற்ற மாணவர்களை எங்கே இறக்குவது என்ற முடிவு, நிர்வாகிக்கும் அரசின் விபத்து விசாரணை அமைப்புக்கும் தகவல், குடும்பத்துக்குச் செய்தி. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓடுபாதை அடைபட்டிருக்கும்போது மேலே மூன்று சோலோ மாணவர்கள் சுற்றிக்கொண்டிருக்கலாம். அவர்களோடு பேச அமைதியான குரல் உள்ள ஒரு பயிற்றுநரை ரேடியோவில் உட்காரவைப்பது அந்த நேரத்தின் மிக அவசரமான வேலை.

அடுத்து, டெக் லாக், எரிபொருள் சீட்டு, மாணவரின் பதிவேடு, அன்றைய டிஸ்பேட்ச் படிவம் எல்லாவற்றையும் ஓர் அறையில் பூட்டி, சாவி யாரிடம் என்று எழுதுங்கள். அதே வண்டியிலிருந்து நிரப்பிய மற்ற விமானங்களை நிறுத்தி, வண்டியிலிருந்து எரிபொருள் மாதிரி எடுத்து மூடி வையுங்கள். உயிர்காக்கத் தேவையானதைத் தவிர சிதைவைத் தொடக் கூடாது. விசாரணை பழி சுமத்துவதற்கு இல்லை, மறுபடி நடக்காமல் தடுப்பதற்கே என்று ஐகாவோவின் 13ஆம் இணைப்பு சொல்கிறது. ஆனால் எந்தப் பதிவிலாவது பிறகு ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பாதுகாப்பு எவருக்கும் உதவாது.

ஆண்டுக்கு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள், ஒன்றை முன்னறிவிப்பில்லாமல். தாளில் உள்ள ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் அன்று நிஜமாகவே அழைக்கச் செய்யுங்கள். பழுதான எண்கள் அன்றைக்குத்தான் தெரியவரும். அவற்றை அன்று மாலையே மாற்றி, புதிய தாளை ஒட்டி, பழையதைக் கிழித்துப் போடுங்கள்.